மத்தனுக்குப் பத்தடி

எங்கள் ஊரில் இடத்தின் அருமை தெரிந்த மனிதர் ஒருவரே ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்களெல்லாம் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர்கள். இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்வார், அதுவும் முகத்துக்கு நேரே.

அவருக்குப் பெயர் பத்தடி. ஞானஸ்நானத்தில் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். அது யாருக்கும் நினைவில்லை. அருமனைக்கு அப்பால் ரப்பர் எஸ்டேட்டின் அடிவாரத்தில் இருந்த எங்கள் சின்னச் சபைக்கு மணி அடிப்பதும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதும் அவர் வேலை. நான் சபைக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்த கதை இது.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு துண்டு நிலம். அதன் நடுவில் ஒரே ஒரு குழி. சாணமும் சாம்பலும் மக்கின இலையும் போட்டு நிரப்பி, அதில் ஒரே ஒரு மத்தன் விதை ஊன்றுவார். மற்ற ஊர்களில் பூசணி என்பார்கள், எங்களுக்கு மத்தன். குழியிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் பத்தடிக்கு வேறொரு செடி நிற்கக் கூடாது. கொடி ஓட ஓடக் கணுவுக்குக் கணு மண் அணைப்பார். அங்கெல்லாம் வேர் இறங்கும். பிஞ்சுகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார். அறுப்பின் பண்டிகை வருவதற்குள் அந்த ஒன்று கன்றுக்குட்டி போலப் பருத்துவிடும். நாலு பேர் சாக்கில் வைத்துத் தூக்கி வந்து பிரசங்க பீடத்துக்கு முன்னால் இறக்க, சபையை நடத்துகிற உபதேசியார் அதன்மேல் கை வைத்து ஜெபம் பண்ணுவார். அன்றைக்கு அவருடைய பிரசங்கத்தை ஒருவரும் கேட்டது கிடையாது.

அளப்பதற்குப் பத்தடி நீளத்தில் ஒரு மூங்கில் கம்பு வைத்திருந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடப்பார். அவர் முக்கில் திரும்பினால் முன்னாலும் பின்னாலும் ஆட்கள் குனிய வேண்டும். ஒரு தடவை உபதேசியாரின் தலைப்பாகை கம்பு நுனியில் ஏறிச் சந்தை வரைக்கும் போய்விட்டது.

"ஓய் பத்தடி, மத்தனுக்குப் பத்தடி கேட்கியரே, செத்தவனுக்கு மட்டும் ஆறடியா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"செத்தவன் வளர மாட்டான் வாத்தியாரே. பின்ன எதுக்குக் கூடுதல்?"

எனக்கு நாலாவதாக ரூபி பிறந்தபோது பார்க்க வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, எங்கள் ஒற்றை அறை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு குழியில நாலு வெதை. எப்படி வேய் தேறும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். என் மனைவி கொதித்துப்போனாள். அந்தக் கரிநாக்கு இனி இந்தப் படி ஏறக் கூடாது என்றாள். ஆனால் ரூபி நடக்கப் பழகியதும் நேராகப் போனது அவருடைய நிலத்துக்குத்தான். கோழி நுழைந்தால் கல் பறக்கும் இடம் அது. ரூபி குறுக்கே உட்கார்ந்தால் மட்டும் கொடியைத் தள்ளிவிடுவார்.

பிறகு மழை பொய்த்தது. கிடைத்த இடத்திலெல்லாம் ஊர் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, நட்டது. உங்கள் நிலத்தில் சும்மா கிடக்கிற இடத்தில் நாலு கம்பு ஊன்றிக்கொள்கிறோம் என்று ஜனங்கள் பத்தடியிடம் கெஞ்சினார்கள்.

"சும்மா கெடக்கல்ல. மத்தன் அங்க வந்துட்டு இருக்கு."

"மனுசன் பட்டினி கெடக்கான். உமக்கு மத்தனா வேய் பெரிசு?" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கும் ஆத்திரம்தான்.

பட்டினிக்குப் பின்னாலேயே வாந்திபேதி வந்தது. சாவு மணியைக் கேட்டே பாதி ஊர் படுத்துவிடும் போலிருந்ததால், மணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கல்லறைத் தோட்டம் நிறைந்தது. சபைக் கமிட்டி பத்தடியின் நிலத்தைக் கேட்டது. "பண்டிகை கழியட்டும்" என்றார். சாவு பண்டிகைக்குக் காத்திருக்குமா? ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று அடக்கினார்கள். வெட்டினது பத்தடிதான்.

ஒரு விடியற்காலை ரூபிக்குக் கண்டது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது.

பாயில் சுற்றி நான்தான் தூக்கிப் போனேன். முந்தின நாள் மூடின குழி ஒன்றைக் காட்டினார் உபதேசியார். "இதையே திறந்து வச்சிரலாம். சின்னப் பிள்ளதானே, எடம் பிடிக்காது."

பத்தடி மண்வெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தார். பின்னாலேயே தானும் ஏறிக் குதித்தார். அரிவாளை எடுத்துக் கொடியை அடியோடு அறுத்தார். பண்டிகைக்குச் சில வாரங்களே இருந்தன. காய் அவர் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதை உருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் மத்தன் வேர் பிடித்திருந்த இடத்தில் வெட்டத் தொடங்கினார்.

"ஓய், அது ஜெபம் பண்ணாத மண்ணு!" என்று உபதேசியார் பதறினார்.

"வருசா வருசம் எனக்க மத்தன்மேல கை வச்சு ஜெபம் பண்ணினீரே, அது எந்த மண்ணுல வெளஞ்சது?"

உபதேசியார் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவர் ஏறினார். தலைப்பாகை இந்தப் பக்கமே விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

குழி மூடினதும் பத்தடி மூங்கில் கம்பை எடுத்தார். நாலு பக்கமும் அளந்து முளை அடித்தார். "இதுக்குள்ள இனி யாரையும் வைக்கப்படாது."

"சின்னப் பிள்ளைக்கு எதுக்கு ஓய் இவ்வளவு?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"அது வளர வேண்டிய பிள்ளையாக்கும்" என்றார் பத்தடி.

காயை அன்றைக்கே துண்டு போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தார். உப்பு மட்டும் போட்டு வேகவைத்துத் தின்றோம். அவருக்கு ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது என் மனைவிதான். எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாத இடமா என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. நியாயம் என்று வந்தால் பத்தடி தோற்றுத்தான் போவார். ஆனால் நான் தகப்பன். அந்த நியாயத்தைப் பேச எனக்கு வாய் வராது.

அதற்குப் பிறகு அவர் மத்தன் போடவில்லை. சில வருஷம் கழித்து அவரும் போனார். புதிதாக வந்த குழிவெட்டி அவருக்கு ஆறடிக்குக் கோடு போட்டான். இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி வெட்டச் சொன்னேன்.

"எதுக்கு வாத்தியாரே? செத்தவன் வளரவா போறான்?" என்றான்.

"நீ வெட்டு மக்கா" என்றேன்.