பொய் பிடிக்கும் பெட்டி

இந்த வருஷம் கோப்பை எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மீன்களுக்குத் தெரிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் மினசோட்டா ஏரியில் வருஷா வருஷம் தூண்டில் போட்டி நடக்கும். வசூலாவதெல்லாம் ஊர் உணவு வங்கிக்கு. வேலை போனவர்கள், வயசானவர்கள் சனிக்கிழமை வந்து பீன்ஸ் டப்பாவும் மாவும் வாங்கிப் போவார்கள். நல்ல காரியம். நான் குறை சொல்வேனா? ஆனால் அந்த உணவு வங்கியை நடத்துகிறவள் என் மனைவி மார்லிஸ். அங்கேதான் வந்தது வினை.

"ஆர்வில், சனிக்கிழமை வந்து மூட்டை இறக்கிக் குடு."

"எனக்கு முதுகு வலி."

"படகைத் தள்ளுறப்போ வலிக்கலையா?"

"அது வேற முதுகு."

அவள் சிரிக்கவில்லை. "சரி, பந்தயம் வச்சுக்கலாம். கோப்பை ஜெயிச்சா இனிமே உன்னைக் கூப்பிடவே மாட்டேன். தோத்தா வாராவாரம் மூட்டை தூக்கணும்."

சனிக்கிழமையாம்! மீன் பிடிப்பதற்கென்றே கடவுள் ஒதுக்கிய நாள்! அதைப் பறிக்க இவள் யார்?

விடுவேனா? போட்டிக்கு முந்தின நாளே 'பைக்' என்கிற பெரிய ஏரி மீன் ஒன்றைப் பிடித்தேன். என் கால் நீளம் இருந்தது. அதைக் கம்பிக் கூண்டில் போட்டு, எங்கள் வீட்டுப் படகுத்துறைக்கு அடியில் உயிரோடு கட்டிவைத்தேன். இதை ஏமாற்று வேலை என்பார்கள். நான் முன்னேற்பாடு என்கிறேன்.

மறுநாள் ஊருக்காக ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். கூண்டைத் திறந்தேன். மீனைக் கொண்டுபோய்த் தராசில் போட்டேன். வழக்கமாக ஜெயிக்கிறவன் பக்கத்து வீட்டு வென்டெல், ரிட்டயர்டு போலீஸ்காரன். என் மீனுக்கு முன்னால் அவன் மீன் வெறும் சுண்டைக்காய். கூட்டம் கைதட்டியது. நான் கோப்பைக்குக் கை நீட்டினேன்.

மார்லிஸ் மைக்கைப் பிடித்தாள்.

"கோப்பைக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை. பெரிய போட்டிங்கள்ல ஜெயிச்சவங்களைப் பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல உக்கார வைக்கிறாங்க இல்லையா? இந்த வருஷத்துல இருந்து நம்ம ஊர்லயும் உண்டு."

எனக்கு வந்ததே கோபம்!

"என்ன அநியாயம் இது! பசிச்சவனுக்குச் சோறு போடத்தானே இந்தப் போட்டி? என்னை எதுக்குடி குற்றவாளிக் கூண்டுல ஏத்துறே? புருஷன் மேல இவ்வளவுதான் நம்பிக்கையா?"

"நம்பிக்கை இருக்கு. அதனாலதான் தைரியமா உக்காரச் சொல்றேன். ஏன், பயமா?"

"பயமா? எனக்கா?"

பாஸ்டர் முதற்கொண்டு ஊரே பார்க்கிறது. வேறு வழி?

உணவு வங்கியின் பின்னறையில், தக்காளி டப்பா அடுக்குகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்தார்கள். மேசையில் துண்டு போட்டு மூடிய ஒரு பெட்டி. சோதனை செய்ய வந்தவன் யார் தெரியுமா? வென்டெல்! இரண்டாம் இடத்துக்காரனே நீதிபதி! இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவன் என் கையில் ஒரு பட்டையைச் சுற்றினான். நான் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். பட்டை தானாகவே கையை இறுக்கியதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

"பேரு?" என்றாள் மார்லிஸ்.

"தெரியாதாக்கும்! ஆர்வில்."

"மீனை இன்னைக்குத்தான் பிடிச்சியா?"

"ஆ... ஆமா."

பட்டை இன்னும் இறுகியது. பெட்டி 'பீப்' என்று கத்தியது. வென்டெல் துண்டைத் தூக்கி உள்ளே பார்த்து 'த்சொ, த்சொ' கொட்டினான்.

"ஐயையோ, நேத்தே பிடிச்சிட்டேன்! கூண்டுல வச்சிருந்தேன்!"

"தெரியும். ராத்திரி பூரா படகுத்துறைக்கு அடியில ஒரே துள்ளல். முதுகு வலி?"

"இல்ல! என்னைக்குமே இருந்ததில்ல!"

"எங்க அக்கா வந்தப்போ காய்ச்சல்னு படுத்தியே?"

"அதுவும் பொய்! முதல்ல என் கையை விடச் சொல்லு!"

மார்லிஸ் கோப்பையை எடுத்து வென்டெலிடம் கொடுத்தாள். துண்டை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். வென்டெல் பட்டையைக் கழற்றிவிட்டு என் தோளைத் தட்டினான்.

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு ஆர்வில். டாக்டரைப் பாரு."

"என்ன பிரஷர்? பொய் மெஷின்ல ஏதுடா பிரஷர்?"

"பொய் மெஷினா? இது நான் தினமும் வீட்டுல பிரஷர் பாக்குற மெஷின்ப்பா."

"டாக்டர் எதுக்கு?" என்றாள் மார்லிஸ். "சனிக்கிழமை சனிக்கிழமை மூட்டை தூக்கினா தானா இறங்கிடும்."