சர் ரால்ஃபுக்குத் துக்கம்

பேகம்பூர், திண்டுக்கல்
12-3-1959

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பாரூக்கின் சலாம். இங்கு அனைவரும் சுகம். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் சுகம். தாங்களும் மாமியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

துக்கம் யாருக்கு என்று கேட்பீர்கள். சர் ரால்ஃபுக்கு.

என் எம்.ஏ. ஆய்வு சர் ரால்ஃப் பெட்லியின் வாழ்க்கை. தங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் பெரிய நிலக்காரர். பார்லிமெண்டில் பதினோரு வருடம் இருந்தார். ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தார். 1641-இல் காலமானார். இதில் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு, நான் அவருடைய காரியதரிசி என்று தோல் மண்டி அப்துல் ஜப்பாரிடம் சொல்லிப் பெண் கேட்டது தாங்கள்.

நேற்று ஜப்பார் வந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறதாம்.

"ஒங்க எஜமான் பேர மேல போட்ருவோம் மாப்ளே. எப்ப வாராரு?"

"வர மாட்டாரு. இறந்துட்டாரு."

உண்மைதான். வருடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஜப்பார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைக இருக்கா?"

"ஒரே மகன். அவரும் போயிட்டாரு."

"அடப் பாவமே. சேர்ந்தேவா?"

"கொஞ்சம் முன்ன பின்ன."

"பார்லிமெண்டுல என்னத்தப் பேசுனாரு மனுசன்?"

"சரியாப் பதம் போடாத தோல விக்கக் கூடாதுன்னு."

ஜப்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பிடி ஒரு ஆளு நம்ம மண்டியில இல்லையே."

ஒரு மணி நேரத்தில் மண்டியே எங்கள் வீட்டில். போனது யாரென்று தெரியாமலே, நாலு பேர் அழுவதைப் பார்த்து அம்மாவும் அழுதார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று பெண் வீட்டிலிருந்து கேரியரில் நெய்ச்சோறு வந்தது. எஜமான் போன வீட்டில் நாற்பது நாளைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று ஜப்பாரே தள்ளி வைத்துவிட்டார்.

மாமா, எனக்கு ஜப்பார் மகள் கமர்ஜஹான் வேண்டும். ஒரு முறைதான் பார்த்தது. காந்திகிராமத்து நூலகம். சர் ரால்ஃப் பற்றி அங்கே இருந்த ஒரே புத்தகத்தைக் கேட்டேன்; யாரோ எடுத்திருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால், ஜன்னலோரம் அவள். மூக்கு முட்டப் புத்தகம்.

ஆனால் செத்து முந்நூற்றுப் பதினெட்டு வருடமானவரை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. தாங்கள் சொன்னதைத் தாங்களே திருத்தி ஜப்பாருக்கு உடனே எழுதவும். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினேன்.

மாமிக்கு சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ.

தங்கள் மருமகன்,
முகமது பாரூக்

பின்குறிப்பு: கேரியரின் அடித்தட்டை இப்போதுதான் திறந்தேன். சோறு இல்லை. ஒரு சீட்டு.

"நீங்கள் தேடிய புத்தகம் என்னிடம்தான் இருந்தது. கடைசிப் பக்கம் வரை படித்தேன். பெண் கேட்டு வந்த அன்றே அத்தாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிக்காஹ் முடிந்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை நீங்களும் பார்லிமெண்டில் சர் ரால்ஃப் போல இருக்கவும். கமர்ஜஹான்."

ஆகவே மேலே கண்டபடி எதுவும் எழுத வேண்டாம். ஜப்பாருக்கு ஒரு துக்கக் கடிதம் போடவும். சற்று உருக்கமாக.