வயிற்றுக்குள் வங்காள விரிகுடா

மலைமேட்டில் உட்கார்ந்துகொண்டு வங்காள விரிகுடாவை ஆண்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோலார் தங்கச் சுரங்கத்து ஊரிகம் லைனில், கூலிக்காரர் குடியிருப்பு வரிசையில், என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் குடியிருந்தார். எல்லோருக்கும் அவர் கூடைக்காரர். ஆனால் அவர் கூடை முடைந்ததும் இல்லை, விற்றதும் இல்லை. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும்; நான் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவர்மேல் எனக்குப் பிரியம் இருக்கவில்லை.

காலத்தைச் சரியாகக் குறிப்பதானால், ரயில் மாரிகுப்பம் வரை வந்துவிட்ட பிறகு, சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கத்துக்கு வருவதற்கு முன்பு. அப்போது எங்கள் லைனில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ரங்கூனில் இருந்தார், அல்லது கப்பலில் இருந்தார். அதனால் கோலார் மழையைவிட எங்களுக்குக் கடல் காற்றுதான் பெரிய விஷயம்.

கூடைக்காரரும் ரங்கூன் அரிசி ஆலைக்குப் போய்த் திரும்பியவர். சுரங்கத்தில் சேர்ந்த முதல் நாள், ஆளிறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறிப் பாதி ஆழம் இறங்குவதற்குள் வெள்ளைக்காரச் சுரங்கக் கேப்டனின் பூட்ஸ்மேல் வாந்தி எடுத்தார். கேப்டன் அவரை மேலேயே நிறுத்தி, கூண்டு இறங்கும் ஷாப்டுக் குழியின் வாசலில் மணியடிக்கும் வேலையைக் கொடுத்தார். அந்த வயிறுதான் பின்னால் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. ஒருநாள் காரணமில்லாமல் வயிறு புரண்டது; சில நாள் கழித்துக் கடலில் புயல் என்று செய்தி வந்தது. தன் வயிறும் வங்காள விரிகுடாவும் ஒன்றே என்று அன்றே முடிவு கட்டினார்.

மதராஸ் துறைமுகத்துக் கொடிமரத்தில் புயலுக்குக் கறுப்பாக ஏதோ தொங்கவிடுவதை அவர் பார்த்திருந்தார். லைன் முனையில் ஒரு மூங்கிலை நட்டு, கல் சுமக்கும் கூடைகளில் தார் பூசித் தொங்கவிட்டார். ஒரு கூடை என்றால் கடல் கொந்தளிப்பு. இரண்டு என்றால் புயல். வெறும் மூங்கில் என்றால் கப்பல் போகலாம். பெண்கள் விடிந்ததும் முதலில் பார்த்தது அந்த மூங்கிலைத்தான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சுரங்க ஸ்டோரில் கணக்கெழுதும் ரைட்டர். மதராஸ் பத்திரிகையில் வரும் கடல் வானிலைத் தந்தியை, ஒரு நாள் பழசானாலும், வரி விடாமல் படிப்பவன். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் ஏலத்தில் காற்றழுத்தமானி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். அதன் முள் ‘கடும் புயல்’ என்ற எழுத்தில் நின்றது. நின்றதுதான், நகரவே இல்லை. கடலோரத்துக்காகச் செய்த கருவி மூவாயிரம் அடி மேட்டில் அப்படித்தான் காட்டும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

“இன்னா ரைட்டரே, உங்க கடியாரத்துல மணி எத்தினி?” என்பார் கூடைக்காரர். லைனே சிரிக்கும். என் மனைவி சாலம்மாளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒருநாள் அத்தனை பேர் முன்னாலும் அவரை மடக்கினேன். “நீங்க கடலை எத்தினி வாட்டி பாத்திருக்கீங்க?”

“கரையில நின்னு பாத்ததோட சரி. அப்பால எங்க பாக்கறது? போகும்போது படுத்துகினு போனேன், வரும்போது படுத்துகினு வந்தேன். கண்ணத் தெறந்தா வாந்தி.”

ஆள் தொலைந்தார் என்று நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“பாக்காமலே இத்தினி சொல்றாரே! பாத்திருந்தா இன்னும் எத்தினி சொல்லுவாரு!” என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அவருக்கு மரியாதை இரட்டிப்பாயிற்று.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கருவாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டைக் கடையிலிருந்து நான் வாங்கிவரும் வஞ்சிரக் கருவாட்டில் நடுத்துண்டு கூடைக்காரருக்குப் போகும். வால் என் தட்டுக்கு வரும். “தனி ஆளு, பாவம்ங்க,” என்பாள் சாலம்மாள். அந்தக் குழம்பு போன மறுநாள் தவறாமல் மூங்கிலில் கூடை ஏறுவதைக் கவனித்தேன். வங்கக் கடலைக் கலக்குவது காற்றல்ல, உன் குழம்புதான் என்று அவளிடம் ஆதாரத்தோடு சொன்னேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். கருவாடு நின்றுவிடும் என்று நம்பினேன்.

நின்றது, ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக அல்ல. அந்த ஐப்பசியில் அவளுடைய ஒரே தம்பி யோசேப்பு ரங்கூன் கப்பல் ஏறினான். தாயில்லாத பையனை அவள்தான் வளர்த்தாள். கூடைக்காரர் வயிறு அமைதியாக இருந்தால் கடலும் அமைதியாக இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். அவருக்கு மிளகாய் காட்டக் கூடாது என்று லைன் முழுக்கக் கட்டளை போயிற்று. காலையில் கூவைக்கிழங்குக் கஞ்சி, மத்தியானம் மோர்ச்சோறு. இரண்டு சமையலுக்கு நேரமில்லாததால் எனக்கும் அதே.

விடிந்ததும் சாலம்மாள் மூங்கிலைப் பார்ப்பாள். கூடை இருக்காது. அப்புறம்தான் வாயில் ஒரு கவளம் வைப்பாள்.

யோசேப்பு இன்னும் கடலில் இருக்கையில், ஒருநாள் பத்திரிகையில் விரிகுடாவின் நடுவே காற்று வலுக்கிறது என்று போட்டிருந்தது. பார்த்தாயா, உன் கூடைக்காரருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்லத்தான் வீட்டுக்கு வேகமாக நடந்தேன். பொன் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் யாரோ முனகினார்கள். கூடைக்காரர், துண்டை வாயில் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். காலையில் குடித்த கஞ்சி முழுவதும் மண்ணில் கிடந்தது.

“கூடைய ஏத்தலியா?” என்றேன்.

“இன்னிக்கு ரெண்டு கூடை பத்தாது ரைட்டரே. மூணு நாளா பொரட்டுது.” மூச்சு வாங்கினார். “அந்தப் பொண்ணு மூங்கிலப் பாத்துட்டுதான் சோறு துன்னுது. நான் எப்பிடி ஏத்துவேன்? நீங்களும் சொல்லிக் கில்லி வெச்சிடாதீங்க.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்கு முன்னால் விறைப்பாக நடந்தார். என் வீட்டு வாசலில் நின்றார்.

“தங்கச்சி! கடல் இன்னா அமைதியா கீது தெரியுமா? ஊத்தி வெச்ச எண்ணெ மாதிரி கீது!”

“நெசமாவாண்ணா?”

“என் வயித்தக் கேளும்மா.”

பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த ஆள்மேல் அன்றைக்குப் பட்ட பொறாமை என் வாழ்நாளில் யார்மேலும் பட்டதில்லை. என் மனைவி சாப்பிடுவதற்காக நான் சொல்லியிருக்க வேண்டிய பொய்யை, நெற்றி வியர்வையோடு அவர் சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில், ரங்கூனிலிருந்து திரும்பிய, பக்கத்துக் கோரமண்டல் லைன்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். யோசேப்பு சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான். சாலம்மாள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அவன் போனபோது கடல் எப்படி இருந்ததாம் என்று நான் கேட்டேன்.

“அவனுக்கு இன்னா தெரியும்? ஏறினதிலேர்ந்து எறங்கற வரிக்கும் கண்ண மூடிப் படுத்துகினே போனானாம்,” என்றார் அவர்.

ஆக, பத்திரிகை சரியா, வயிறு சரியா என்பது இன்றுவரை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கூடைக்காரருக்கு நானே கொண்டுபோவதாகச் சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். தம்பி பிழைத்த சந்தோஷத்தில் அன்று என் தட்டிலும் ஒரு நடுத்துண்டு விழுந்திருந்தது. பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து, அதையும் எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டேன்.