சிப்பாய்க்குக் கடுக்கன்

எங்கள் நாய் சிப்பாய்க்கு ஆவணி பிறந்ததும் காது குத்திக் கடுக்கன் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். என் முடிவை மாற்ற இந்தச் செஞ்சியில் எந்தக் கொம்பனாலும் முடியாது. அப்போது என் மனைவி சுமலதா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

எல்லாம் போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. எந்த ஊர் நாயோ, ரெண்டு காதிலும் கடுக்கன், அப்படி ஒரு ஜொலிப்பு! நம்ம சிப்பாயும் இருக்கிறானே. நாட்டு நாய், தொங்கின காது. தினமும் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரு ராஜகளை வேண்டாமா?

சுமலதா பையை இறக்குவதற்குள் விஷயத்தைச் சொன்னேன்.

"சிப்பாய்க்கு எதுக்குங்க கடுக்கன்?"

"பிரமோஷன்டி! இனிமே அவன் சேனாபதி."

"அவன் கேட்டானா?"

"அவனுக்கு இன்னா தெரியும்?"

"வலிக்குமே."

"எறும்பு கடிச்சா மாதிரி இருக்கும். அவ்ளோதான்."

என் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க. ஆனா முறையா செய்யணும். ஆசாரிய நானே வரச்சொல்றேன். கடுக்கனும் நானே வாங்கறேன்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசாரி பச்சைமுத்து ஊசியோடு வந்தார். பின்னாலேயே பனமலையிலிருந்து என் தாய்மாமன் கோதண்டராமன். கையில் தாம்பாளம், தேங்காய், பழம், புது வேட்டி.

"இன்னா மாமா, நாய்க்கெல்லாம் சீர் எடுத்துக்கினு வர்றீங்க?"

"நாய்க்கா? உனக்குடா!"

அஞ்சு வயசில் மேல்மலையனூரில் இதே மாமா மடியில்தான் எனக்குக் காது குத்த உட்கார வைத்தார்கள். ஆசாரி கையைக் கடித்துவிட்டு அமாவாசைக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டேன். அப்புறம் யாரும் என் காதுப் பக்கம் வரவில்லை.

"வீட்ல மூத்தது வெறுங்காதோட இருக்கறப்ப இளையதுக்குக் குத்தலாமாங்க?" என்றாள் சுமலதா. "சிப்பாய நம்ம புள்ளன்னு சொல்றது நீங்கதான?"

மாமா பாயில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். "வாடா. நாப்பது வருஷமா மடி காலியாத்தான் இருக்குது."

என் எடை எண்பத்து நாலு கிலோ. உட்கார்ந்தேன். "யம்மா!" என்றார் மாமா. பக்கத்து வீட்டு ரஞ்சனி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். ஊசி கிட்டே வந்தது.

"ஆசாரி, வலிக்குமா?"

"எறும்புதாங்க!" பதில் சொன்னது சுமலதா.

"வேணாம்! விட்ருங்க!" கத்தியே விட்டேன். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். உடனே சிப்பாய் பாய்ந்து வந்து எனக்கும் ஊசிக்கும் நடுவில் நின்று குரைத்தான். யார் காதைக் குத்தப் பார்த்தேனோ, அவன்தான் என் காதைக் காப்பாற்ற வந்தான்.

"நீங்க வேணாம்னீங்க, விட்டுட்டோம்," என்றாள் சுமலதா. "அவன் எப்டிங்க சொல்லுவான்?"

சிப்பாயைக் கட்டிக்கொண்டேன். அந்தத் தொங்கின காதுதான் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது! சத்தியமாகச் சொல்கிறேன், சுமலதா மட்டும் இல்லையென்றால் அதில் ஓட்டை போட்டுவிட்டு வீடியோ வேறு போட்டிருப்பேன்.

"நீ நல்லா இருக்கணும் சுமா," என்றேன். பெருந்தன்மையும் பொங்கியது. "அந்தக் கடுக்கனைக் கடையிலயே திருப்பிக் குடுத்துரு."

சின்ன டப்பாவை நீட்டினாள். திறந்தேன். உள்ளே ரெண்டு பிஸ்கட்.

"ஒண்ணு சிப்பாய்க்கு. இன்னொண்ணு, அழுவாம இருந்தா உங்களுக்குத் தர்லாம்னு வெச்சிருந்தேன்."

ரெண்டையும் சிப்பாயே தின்றான்.