மைத்துனருக்குப் பாராங் கத்தி பற்றிய விளக்கம்

மரியாதைக்குரிய மைத்துனர் திரு. புவனேஸ்வரன் அவர்கள் சமூகத்துக்கு, ஜாசினிலிருந்து தங்கள் அக்காள் கணவன் பெரியதம்பி எழுதுவது. இங்கே நானும் தங்கள் அக்காள் திலகாவும் அவளுடைய முழங்கால் வலியும் நலம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பமும் நலமாயிருக்க வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் ஆட்சேபணை இருந்ததில்லை.

மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவன் திடீரென்று நலம் விசாரிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். என் நம்பரைத் தாங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதால்தான், செலண்டார் பஸ் ஓட்டும் காளிமுத்து கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம், சனிக்கிழமை ஆன்லைன் பயிற்சியில் தாங்கள் என்னைத் திரையில் பார்த்தபோது என் கையில் இருந்த பாராங் கத்தி பற்றியது. அது தங்களுக்காக எடுத்தது இல்லை.

நான் ரிட்டயர் ஆனதிலிருந்து ஜாசின் இளையோர் மன்றத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியம் செய்வது ஊருக்கே தெரியும். வருகிற பள்ளி விடுமுறையில் செர்காம் கடற்கரையில் முகாம். கூட்டிக்கொண்டு போகும் பெரியவர்கள் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியை ஆன்லைனில் முடித்துச் சான்றிதழ் காட்டினால்தான் வேன் நகரும் என்று தலைமையகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு வாணி இப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டு, தினமும் வேலிப் பக்கம் வந்து நின்று, "அங்கிள், பாஸ் பண்ணிருவீங்கதானே?" என்று கேட்கிறாள். அந்தப் பயத்தில்தான் உட்கார்ந்தேன்.

போனை மைலோ டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, சபைக்குள் நுழைகிறவன் ஊமையாக நுழையக்கூடாதே என்று திரையில் தெரிந்த ஒவ்வொரு முகத்துக்கும் பேர் சொல்லி வணக்கம் சொன்னேன். பாதியிலேயே பயிற்சி நடத்தும் ஷெர்லீன் மிஸ் என் மைக்கை அடைத்துவிட்டார். அது தெரியாமல் நான் மிச்சம் பேருக்கும் சொல்லி முடித்தேன், ஒருத்தர்கூடப் பதில் வணக்கம் சொல்லவில்லை, என்ன தொண்டூழியர்களோ என்று மனசே விட்டுப்போயிற்று. பிறகு அந்த மிஸ், "எல்லாரும் ஓடுங்க, நீங்க யாருன்னு காட்டுற ஒரு பொருள எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்!" என்றார். மற்றவர்கள் வெற்றிக் கோப்பை, கிட்டார் என்று கொண்டு வருகிறார்கள். நான் எங்கே போவேன், கோப்பை வாங்கினேனா, கிட்டார் வாசித்தேனா? பின்கதவுப் பக்கம் பாராங்தான் கைக்குக் கிடைத்தது. மன்றத்துத் திடலில் லாலான் புல்லை நான்தானே வெட்டுகிறேன், அதைச் சொல்லலாம் என்று கத்தியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தேன். நடப்பதோ பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி! ஷெர்லீன் மிஸ் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "அங்கிள், அத மொதல்ல கீழ வைங்கலா, ப்ளீஸ்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, இருவர் இருவராக அறிமுகமாகும் நேரம் வந்துவிட்டது என்று அந்த மிஷின் என்னைத் தூக்கி வேறொரு அறைக்குள் போட்டது. எதிரே பார்த்தால் நீங்கள்.

மன்றத்தின் செலண்டார் கிளையில் நீங்கள் சேர்ந்தது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது, சத்தியமாக; வணக்கம் சொன்னபோது என் சின்னத் திரையில் உங்கள் முகம் வரவே இல்லை. உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மகள் கல்யாணத்தில் தாய்மாமனுக்கு முதல் பந்தியில் இலை போடாத மனுஷன், வேர்த்து விறுவிறுத்து, கையில் கத்தியோடு நிற்கிறான். (இலை விஷயம் கேட்டரிங்காரன் செய்த வேலை. அதை இப்போது கிளறவில்லை.) நீங்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது பாடம். நீங்கள் சீலிங்கைப் பார்த்தீர்கள், நான் கத்தியைப் பார்த்தேன். ஷெர்லீன் மிஸ் எட்டிப் பார்த்து, "என்ன அங்கிள், ரெண்டு பேரும் பேசவே இல்ல?" என்று கேட்டதற்கு, "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது மிஸ்" என்றீர்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த உங்கள் அக்காள் காதில் அது விழுந்துவிட்டது. "ஐயோ, இது என் தம்பி கொரலாச்சே!" என்று மீன் செதில் கையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கி, "யாருன்னே தெரியாதா? அப்ப என்னையும் தெரியாதாடா ஒனக்கு? எளைச்சுப் போயிட்டியேடா, சாப்பிட்டியா?" என்று ஒரே அழுகை. ஷெர்லீன் மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர்லா, இந்த ரூம்லதான் நெட்வொர்க்கிங் நல்லா போகுது" என்றார். அதற்குள் செலண்டாரில் மழை போலிருக்கிறது, நீங்கள் வாய் திறந்தபடியே உறைந்துபோய், அப்படியே காணாமல் போய்விட்டீர்கள்.

ஆக, நான் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தை சொல்லாமலே நின்றுவிட்டது. இந்தத் தாங்கள், நீங்கள் எல்லாம் இனிமே எனக்கு ஓடாது மச்சான், நீன்னே எழுதுறேன். எனக்குக் கிட்னியில கல்லு எடுத்தப்ப, செலண்டார்லேருந்து மலாக்கா ஆஸ்பத்திரிக்குத் தெனமும் மோட்டார்ல கஞ்சி கொண்டாந்தவன் நீ. நீ தொப்பலா நனைஞ்சு வந்து நிப்ப, கஞ்சி மட்டும் சூடா இருக்கும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ வராம இந்த வீட்டுல தீபாவளி தீபாவளியாவே இல்லடா.

பயிற்சியில் பாஸாக, ஜோடியாக உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டுமாம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். உனக்கு நான் ஒரு குறையும் வைக்காமல், எல்லாக் கேள்வியிலும் முதலிடம் கொடுத்து நேற்றே அனுப்பிவிட்டேன். நீயும் கத்தியை மனசில் வைத்துக்கொள்ளாமல், பிள்ளைகள் முகத்தை நினைத்து நல்லபடியாகப் போடு. உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உன்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிற உன் மனைவிக்கு இரண்டு மடங்கு ஆசி.

இப்படிக்கு,
உன் மாமா,
பெரியதம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஷெர்லீன் மிஸ் போன் செய்தார். மேலே எழுதிய மதிப்பெண் சங்கதியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாவதாக வந்தவனுக்குத்தானே பரிசு கொடுப்பார்கள் என்று நான் உனக்கு எல்லாவற்றிலும் 1 போட்டேன். இங்கே 5தான் உசத்தியாம். 'பிள்ளைகளிடம் பொறுமையாக இருப்பார்' 1, 'நம்பிப் பிள்ளைகளை அனுப்பலாம்' 1. நீயோ எனக்கு எல்லாவற்றிலும் 5 போட்டு, சனிக்கிழமையே அனுப்பிவிட்டாயாம். நான் பாஸ், நீ ஃபெயில். போட்டதை மாற்ற முடியாதாம், ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடி உட்கார வேண்டுமாம். "பரவால்ல அங்கிள், நீங்கதான் பாஸாயிட்டீங்களே, அவருக்கு வேற பார்ட்னர் போட்டுடுறேன்" என்றார் மிஸ். "வேணாம்மா, நானும் மறுபடி உக்கார்றேன், என்னையே போட்டுடு" என்று சொல்லிவிட்டேன்.