பல் நேராக இருந்த குற்றத்துக்கு

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு அத்தான் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மற்ற எல்லாவற்றிலும் குறை இருப்பதால்தான் இந்தக் கடிதம். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுப் பின்பக்க அறையும் சுகமாக, முக்கியமாகக் காலியாக, இருக்கும் என்று நம்புகிறேன். ஏன் கேட்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

போன தடவை வந்திருந்தபோது, கைத்தொழில் செய்பவர்களுக்கு அரசாங்கம் அட்டை கொடுக்கிறது, சும்மா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அத்தான் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் பாட்டுக்குச் சீப்பு வெட்டிக்கொண்டு சிவனே என்று இருந்தவன், அதை அப்போதே மறந்தும்விட்டேன். ஆனால் நாங்கள் குடியிருந்து தொழில் செய்யும் இந்த நீளக் கட்டடம் கைத்தொழில் அலுவலகத்துக்குச் சொந்தம் அல்லவா, அடுத்த மாதத்திலிருந்து அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அறை, இல்லாதவர்கள் காலி செய்ய வேண்டும் என்று கதவுக்குக் கதவு ஒட்டிவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் விண்ணப்பம் வாங்கினேன். ஆறு பக்கம். எல்லாக் கேள்விக்கும் யோக்கியமாகத்தான் பதில் எழுதினேன். 'தங்கள் தொழிலால் பாதிக்கப்படும் உயிரினங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேன் என்று எழுதினேன். உங்கள் அக்கா அதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதச் சொன்னார். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் வேறு படிவம் கொடுத்தார்கள். மறுபடியும் ஆறு பக்கம்.

அப்புறம் ஆய்வாளர் வந்தார். மரியாதை தெரிந்த மனிதர்தான், அதை நான் மறைக்கவில்லை. பன்னிரண்டு சீப்புகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு சந்து விடாமல் வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை, உங்கள் அக்காவைக்கூட ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். ஆய்வாளர் சீப்புகளைக் கீழே வைத்துவிட்டு, இது மெஷினில் வெட்டியது என்றார். நான் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார், பரணில் பார்த்தார், மெருகு போடும் துணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். கடைசியில், 'இயந்திரம் தென்படவில்லை, வேறு இடத்தில் இருக்கலாம்' என்று எழுதிக்கொண்டார். நான் என் ரம்பத்தை எடுத்துக் காட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அலகு, ஒன்று ஒரு சந்தை அறுக்கும்போதே மற்றது அடுத்த சந்துக்குக் கோடு போட்டுவிடும், அதனால்தான் இடைவெளி மாறாது என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். நம்ப முடியாவிட்டால் கொஞ்சம் உட்காருங்கள், கண்ணெதிரிலேயே ஒன்று வெட்டித் தருகிறேன் என்று மரத்தைக்கூடப் பலகையில் பூட்டிவிட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செய்றதைப் பாக்குறது என் வேலையில வராதுங்க ஐயா. செஞ்சு வெச்சதைப் பாக்குறது மட்டும்தான்."

ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். கையால் செய்த பொருளில் 'இயல்பான வேறுபாடுகள்' இருக்க வேண்டுமாம். என் சீப்பில் அந்த இயல்பு இல்லையாம். பதினைந்து நாள் கழித்து வருகிறேன், கொஞ்சம் வேறுபாடாகச் செய்து வையுங்கள் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் என்மேல் இரக்கப்பட்டார், மாப்பிள்ளை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்து அறையில் கூடை முடைகிறவரை உங்களுக்குத் தெரியும், யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பார், இங்கே எல்லோரும் ஆமாஞ்சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அட்டை வந்துவிட்டது. கூடை என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. அவரிடம் போய் யோசனை கேட்டேன். கோணலா வெட்டணும், அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான். ரம்பத்தில் ஒரு அலகைக் கழற்றிவிட்டு வெட்டினேன். கை தானாகவே அளவு எடுத்துக்கொண்டது. இடது கையால் வெட்டினேன், நேரம்தான் ஆயிற்று, பல் நேராகவே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன், கட்டைவிரலில் இரத்தம், பல் அப்போதும் நேர். கடைசியில் ஆமாஞ்சாமியைக் கூட்டிவந்து பலகையின் மறுமுனையில் உட்கார வைத்து ஆட்டச் சொன்னேன். மனிதர் குறை வைக்காமல் ஆட்டினார். ஒன்பதாவது பல்லில் ஒரு நெளிவு விழுந்தது. இரண்டு பேரும் குழந்தை பிறந்த மாதிரி பார்த்துக்கொண்டோம். அவர் உங்கள் அக்காவைக் கூப்பிடப் போனார். திரும்பி வருவதற்குள் நான் அரத்தை எடுத்து அந்தப் பல்லைச் சரிசெய்து முடித்திருந்தேன். சத்தியமாக எனக்கே தெரியாது, கை என்னைக் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல் கோணினால் அந்த இடத்தில் முடி சிக்கும், இழுக்கும், சின்னப் பிள்ளைகள் வலியில் கத்தும். அதற்காகத்தான் இத்தனை வருஷமாக மாங்கு மாங்கென்று நேராக்கிக்கொண்டிருந்தேன். ஊரை ஏமாற்றுகிறேன் என்று ஒருவர் எழுதிக்கொண்டு போவார் என்று தெரிந்திருந்தால் அப்போதே வேறு தொழிலுக்குப் போயிருப்பேன். எனக்கு அலுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் மறுபடியும் வந்தார். நேராக உள்ளதையே எடுத்து வைத்தேன், வேறு எதை வைப்பது? பார்த்தார், பெருமூச்சு விட்டார். கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமே என்றார். பண்ணினேன், வரவில்லை என்றேன். தாளில் எதுவும் எழுதாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் அந்தக் கையோடு பின்வாசல் வழியாக மரக்கடைக்குப் போய்ச் சாமான் கட்டப் பழைய பெட்டி இரண்டு கேட்டு வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது உங்கள் அக்கா மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பெட்டி எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. காரணமே இல்லாமல் என்னைத் திட்டக்கூடியவர் திட்டாமல் இருந்தால், மனசு எவ்வளவு உடைந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, அந்தப் பின்பக்க அறையை எங்களுக்கு ஒழித்துத் தர வேண்டும். ஒரு பலகை, இரண்டு பெட்டி, நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். மரத்தூள் கொஞ்சம் பறக்கும், உங்கள் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள். இனிமேல் அரசாங்கம் எதைக் கொடுத்தாலும் தயவுசெய்து என் காதில் போடாதீர்கள், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நூறு வயது வரை நிறைந்த தலைமுடியோடு இருக்க என் ஆசிகள். பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. ஒட்டித் தபாலில் போடு என்று அவர் கொடுத்துவிட்டுக் கயிறு வாங்கப் போயிருக்கிறார். நீ அறையை ஒழிக்காதே, அட்டை இன்று காலையே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர் பின்வாசலில் இறங்கியதும் நான் முன்வாசலில் ஓடி, தெருமுனையில் ஆய்வாளரைப் பிடித்து ஆறு சீப்பைக் கையில் கொடுத்தேன். உன் அத்தான் வெளியே போகிற நேரமாகப் பார்த்து நானே வெட்டியது. ரம்பம் பிடித்தது இதுதான் முதல் தடவை. நான் ஒன்றும் கோணலாக வெட்டப் பார்க்கவில்லை, நேராக வெட்டத்தான் உயிரை விட்டேன். ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலதாம்மா கை தெரியுது" என்றார். நேரான சீப்புக்கே கிடைத்தது என்று சொல்லித்தான் சாயங்காலம் அட்டையை அத்தான் கையில் கொடுக்கப் போகிறேன். நீயும் அப்படியே சந்தோஷப்பட்டுப் பதில் எழுது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுததை இதில்தான் தெரிந்துகொண்டேன், நீயே பத்திரமாக வைத்துக்கொள். ஒன்றே ஒன்று. அந்த ஆறில் மோசமானதை அலுவலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே அவர் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்களாம். அவர் அந்தப் பக்கம் போகாமல் நான் சாகிறவரை பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கண்ணில் பட்டால் அட்டையை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.