சூப் வைத்தால் நாய் வளரலாமா?

மாண்புமிகு மாமா அவர்களின் பாதங்களுக்கு (பூட்ஸ் போட்டிருந்தால் பூட்ஸோடு) அக்கா மகள் வாலு எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா, அம்மா, நான், அப்பாவின் வலது முழங்கால் ஆகிய நால்வரும் நலம். அங்கே நீங்களும், உங்களோடு ஒரே அறையில் அடைந்துகிடந்து கேம் செய்யும் இரண்டு நண்பர்களும், நீங்கள் மூவரும் மாதக்கணக்காக மடிக்காமல் வைத்திருக்கும் துணிமூட்டையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வாள்சண்டைக் கேமை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, வீரன் வளர வளர எதிரியும் கூடவே வளரலாமா கூடாதா என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும், குடும்பமாக ஆடிப் பார்த்து நேர்மையாக எழுது, போனில் வேண்டாம், போனில் நீ கலாய்ப்பாய் என்று சொன்னீர்கள். எழுத்தில் கலாய்க்க மாட்டேன் என்று உங்களுக்கு யார் வாக்குக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கணினியில் தட்டாமல் பேனாவால் எழுதுவதற்குக் காரணம், கணினி என் வசம் இல்லை. அதன் முன்னால் இருக்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. அது ஏன் என்பதுதான் இந்த அறிக்கை.

முதல் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய பிரதியில் வீட்டுக்கு ஒரே ஒரு வீரன்தான் உண்டு. 'வீரனின் பெயர்?' என்று திரை கேட்டதும் அப்பா ஏதோ விண்ணப்பம் என்று நினைத்துக் கண்ணாடி தேடப் போனார், அதற்குள் நான் 'மாமா' என்று தட்டிவிட்டேன். வீரன் விழும்போதெல்லாம் திரை நிறையச் சிவப்பு எழுத்தில் 'மாமா மாண்டார்' என்று வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? (தெரியும்.) அப்பாவோ கண்ணில் படும் போர்டையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறவர். முதல் நாள் சாயங்காலமே பதினொரு தடவை மாமா மாண்டார். பதினொன்றாவது தடவைக்குப் பிறகு கீழ்வீட்டுத் தபால்காரர் தன் மனைவியோடு மேலே வந்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்து, குளித்துவிட்டு வந்த அம்மாவிடம் "தம்பிக்கு என்ன வயசு?" என்று தழுதழுத்தார். அம்மா முகமெல்லாம் பூரித்துப்போய், "முப்பத்தொண்ணு. ஏங்க, பொண்ணு இருக்கா?" என்றாள். அந்த வீட்டில் இப்போது நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

அது போகட்டும், விஷயம் பூட்ஸ். கேமில் ஊரை விட்டு வெளியே வந்ததும் ஒரு பாலம், பாலத்தில் ஒரு திருடன், திருடனுக்கு ஒரு நாய் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தத் திருடன் அப்பாவை இரண்டே அடியில் சாய்த்துவிட்டு மாமாவின், அதாவது வீரனின், பூட்ஸைக் கழற்றிக்கொண்டு போனான். கத்தியைப் பிடுங்கியிருந்தால் அப்பா விட்டிருப்பார். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், ஒரு நாள்கூட பூட்ஸ் இல்லாமல் வேலைக்குப் போகாதவர், திரையில் வெறுங்காலோடு நிற்கும் வீரனைப் பார்த்து முகம் சிவந்துவிட்டார். அவனிடமிருந்து பூட்ஸை வாங்காமல் இந்த நாற்காலியை ஒருத்தருக்கும் தருவதில்லை என்று அன்றைக்குச் சொன்னவர்தான். வேலை, சாப்பாடு, தூக்கம் போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான் இருக்கிறார். விடுமுறை முடியும்வரை பகலில் நான் கணினியைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம், சாயங்காலம்தான் என் முறை. படிப்பு விடுமுறையில் இருக்கும் நான் வேறு வழியில்லாமல் படிக்க வேண்டியதாகிவிட்டது. இந்தக் கொடுமைக்கு யார் பொறுப்பு மாமா?

அப்பா வேலை செய்கிற முறை உங்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்தை நாலு தடவை சரிபார்க்காமல் மேலே ஏற மாட்டார். அதே மாதிரி ஊர்க்கிணற்றடியிலேயே மூன்று நாள் நின்று எலி அடித்தார். அறுபது எலி. லெவல் ஒன்பது ஆனதும் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகப் பாலத்துக்குப் போனார். திருடனுக்கும் லெவல் ஒன்பது. தலையில் புதுசாக இரும்புத் தொப்பி வேறு. மாமா மாண்டார். அப்பா என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "இவன் எங்கடி போய்ப் பயிற்சி எடுத்தான்? பாலத்தை விட்டு நகரவே இல்லையே." இதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம்தான் பெரிய மர்மம் ஆரம்பமாயிற்று. அப்பா ஒரு லெவல் ஏறினால் திருடன் ஆறு லெவல் ஏறியிருந்தான். நாயின் தலையிலும் தொப்பி வந்தது. அப்பா லிஃப்டுக்கு வைத்திருக்கும் சின்ன நோட்டை எடுத்து, பழுது கண்டுபிடிக்கிற பாணியில், 'திங்கள் மாலை நாய் முழங்கால் உயரம், செவ்வாய் மாலை நாய் இடுப்பு உயரம், நடுவில் நான் ஆடவில்லை' என்று குறித்துவைத்தார். புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் நாலு படி இறங்கி, பூனை நடையில் திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் அம்மா. அம்மாவுக்குப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் பத்து மணிக்குத்தான் வேலை. அப்பா தினமும் எட்டு மணிக்குப் போனதும், நான் தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்றரை மணி நேரம் அவள் மாமாவை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காட்டுக்குள் போய்க் காளான் பறிப்பது, சூப் வைப்பது, மறுபடி பறிப்பது. அதுவரை இருநூற்றுப் பதினான்கு சூப். உங்கள் கேமில் சூப் வைத்தாலும் சமையல் லெவல் என்று தனியாக ஒன்று ஏறும், எந்த லெவல் ஏறினாலும் எதிரி வளரும், ஆனால் சூப் வைக்கிற கைக்கு வாள் பிடிக்கத் தெரியாது. எனவே அம்மா கரண்டியால் வளர்த்துவிட்ட நாயிடம் அப்பா கடி வாங்கிக்கொண்டிருந்தார்.

"காலையில போறேன், சாயந்திரம் வந்தா நாய் பெரிசாயிருக்கு. நீதானா?" என்றார் அப்பா.

"நான் யாரையும் அடிக்கலையேங்க. சூப்புதானே வெச்சேன்" என்றாள் அம்மா. பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "இங்க யாரும் உப்பு பத்தலைன்னு சொல்றதில்ல. பாத்திரம் தானா கழுவிக்குது" என்றாள்.

உப்பு பத்தலை என்று தினமும் சொல்கிற இரண்டு பேரும் (சத்தம் கேட்டு எழுந்துவந்த நான் உட்பட) அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தோம். அப்பா நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "சரி, நீ வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் அதைப்பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அம்மா காலையில் சூப் வைக்கிறாள், அப்பா சாயங்காலம் அடி வாங்குகிறார். திருடன் இப்போது நெருப்பு வாள் வைத்திருக்கிறான். அந்த நாய்மேல் சவாரியே போகலாம்.

இப்போது என் தீர்ப்பு. எதிரியும் வளராவிட்டால் சுவாரசியம் போய்விடும், பத்தாவது மணி நேரத்தில் ஆடுகிறவர் கொட்டாவி விடுவார் என்று நீங்கள் சொன்னீர்கள். நியாயம்தான். ஆனால் நேற்று அப்பா சொன்னதையும் கேளுங்கள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பழைய மோட்டார் என்னை அழ வெச்சிச்சு. இப்ப அதே மோட்டாரை நான் பேசிக்கிட்டே சரிபண்ணுவேன். அதுவும் என்கூடவே வளர்ந்துக்கிட்டு வந்திருந்தா, நான் கத்துக்கிட்டது எனக்கு எப்படித் தெரியும்?" மாமா, நான்கூட மனசு சரியில்லாத நாளில் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து நாலு கணக்கைச் சாத்து சாத்தென்று சாத்துவேன். அது அப்படியேதான் இருக்கிறது, நான்தான் மாறியிருக்கிறேன் என்பதில் ஒரு சுகம். ஆகவே மலைமேல் எத்தனை பெரிய அரக்கனை வேண்டுமானாலும் வையுங்கள், இப்போது வராதே என்று ஒரு போர்டும் வையுங்கள், ஆனால் பாலத்துத் திருடன் பாலத்துத் திருடனாகவே இருக்கட்டும். சூப் வைத்தால் நாய் வளரவே கூடாது. எதிரி வளர்ச்சி ஒழிக. இதில் எனக்கு அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கும் என்பது தற்செயல்.

இன்னொன்று. 'சோதனைக்கு மட்டும், தொடாதே' என்று ஒரு பக்கத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதை இரண்டாம் நாளே நின்றபடியே கண்டுபிடித்துவிட்டேன். எதிரி வளர்ச்சிக்கு அதில் ஒரு சுவிட்ச் இருப்பதையும் பார்த்தேன். தொடவில்லை. என் நேர்மையைப் பாராட்டலாம்.

உங்கள் கேம் எல்லா வீட்டுக் கணினியிலும் ஏறட்டும், எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து சீக்கிரம் இறங்கட்டும். சின்னவளாகிய எனக்கு உங்கள் ஆசியும், ஆசியோடு சாக்லேட்டும் அனுப்பவும். அப்பா, அம்மா, முழங்கால் மூவரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

அடங்காத அன்புடன்,
உங்கள் அக்கா பெற்ற வினை,
வாலு

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் திங்கட்கிழமை எழுதினேன். இன்று வியாழன். கீழ்வீட்டுத் தபால்காரர் தானே நேரில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், நீங்கள் உயிரோடு இருப்பதை ஒரு தடவை பார்த்துவிட அவருக்கு ஆசை. இதற்கிடையில் செவ்வாய் மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது என் விரல் வழுக்கி அந்த சுவிட்ச்மேல் விழுந்துவிட்டது. சாயங்காலம் அப்பா பாலத்துக்குப் போனார். திருடன் பழையபடி தொப்பி இல்லாமல், முழங்கால் உயர நாயோடு நின்றான். ஒரே அடி. பூட்ஸ் கிடைத்தது, மாமா மாட்டிக்கொண்டார். அப்பா எழுந்து, "இந்தா, உக்காரு" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் சொர்க்கம். அப்பா மட்டும் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "பாவம், அவனுக்கு என்ன ஆச்சு? நேத்து வரைக்கும் நல்லா இருந்தானே" என்றார். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நோட்டும் கையுமாக இருந்து, மூடியைத் திறக்காமல் எந்தப் பெட்டியையும் விடாதவர் என்பதால் சாயங்காலத்துக்குள் உங்கள் ஒளிந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, சுவிட்சைத் திரும்பப் போட்டு, பூட்ஸ் போனாலும் பரவாயில்லை என்று ஆட்டத்தைச் செவ்வாய்க்கு முந்திய இடத்துக்கே கொண்டுபோய்விட்டார். இன்று காலை அம்மாவிடம், ரெண்டு சூப் சேர்த்து வை என்று சொன்னதை என் காதால் கேட்டேன். ஆகவே மேலே ஒழிக என்று எழுதியிருக்கும் இடத்தில் வாழ்க என்று திருத்திப் படிக்கவும். நீங்கள் அவசரப்பட்டு எதையாவது மாற்றிவிடுவீர்கள் என்று பயந்து, அப்பா உங்களுக்கு ஒரு சேதியும் சொல்லச் சொன்னார். "உன் மாமாகிட்ட சொல்லிடு, அந்தத் திருடன் நல்ல பையன், அவனை ஒண்ணும் பண்ணிட வேண்டாம்." சொல்லிவிட்டு வெறுங்காலோடு பாலத்துக்குக் கிளம்பிவிட்டார். சாக்லேட் வேண்டாம் மாமா, ஒரு நாற்காலி அனுப்புங்கள்.